ஆறாத ஈறு

குழந்தை பிறந்த வீட்டில், தொப்புள்கொடி என்று விழுந்தது என்று கணக்கு வைத்திருப்பவர்கள் பாட்டிமார்கள். ஏழாம் நாள் விழுந்தது, பத்தாம் நாள் விழுந்தது என்று அவர்கள் திட்டமாகச் சொல்வார்கள். மருத்துவரின் ஏட்டில் பெரும்பாலும் அந்தக் குறிப்பு இராது. ஆயினும் மிக அரிய பரம்பரை நோயொன்றை மருத்துவ உலகம் தெரிந்துகொண்டபோது, முதலில் கண்ணில் பட்ட அடையாளங்களுள் ஒன்று இந்தக் கணக்கு தவறியதேயாகும். 1979ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. சில குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி உரிய காலத்தில் விழவில்லை. அதன் பின்னர் உடலின் பல இடங்களிலும் கிருமித் தொற்று ஏற்பட்டது. அவர்களுடைய இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் செல்ல வேண்டிய இடத்திற்குச் செல்லவில்லை. இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்து எழுதப்பட்டது அக்கட்டுரை.

தொப்புள்கொடிக்கும் வெள்ளணுவுக்கும் என்ன உறவு என்று தோன்றலாம். கொடி வாடி உதிர வேண்டுமானால், அது உடலோடு சேரும் இடத்திலுள்ள திசு கரைய வேண்டும். அவ்விடத்திற்குச் சென்று அதைக் கரைத்துப் பிரிக்கும் வேலையில் வெள்ளணுக்களுக்குப் பங்கு உண்டு. அவை செல்லாவிடில் கொடி மூன்று வாரமும் அதற்கு மேலும் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இந்நோய்க்கு 'லியூகோசைட் அட்ஹீஷன் டெஃபிஷியன்சி, முதல் வகை' என்று பெயர். தமிழில் 'வெள்ளணு ஒட்டாமை நோய்' என்று சொல்லிக்கொள்வோம். பத்து இலட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். இந்நோயுள்ள குழந்தைகளின் ஈறுகளுக்கு என்ன நேருகிறது, அதற்குச் செய்த சிகிச்சை ஏன் நெடுங்காலம் பயன்படவில்லை, பிறகு எவ்வாறு ஒரு வழி தென்பட்டது என்பவற்றையே இங்குக் கூற விரும்புகிறேன்.

முதலில் நோயின் அடிப்படையைப் பார்ப்போம். வெள்ளணுக்களில் பல வகை உண்டு. அவற்றுள் மிகுதியானது நியூட்ரோஃபில் என்னும் வகை. வளர்ந்த மனிதனின் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழப் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்கி இரத்தத்தில் விடுகிறது. எங்கேனும் காயம் பட்டால், அல்லது கிருமி புகுந்தால், அவை இரத்தக் குழாயின் சுவரைக் கடந்து அவ்விடத்திற்குச் செல்ல வேண்டும். ஆனால் இரத்தமோ ஓடிக்கொண்டிருப்பது. ஓடுகின்ற வெள்ளத்திலிருந்து கரையேறுவது எப்படி?

நம் ஊர்களில் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லுவது எளிது. தேர் வீதியில் உருண்டு வருகிறது. நிற்க வேண்டிய இடம் வந்ததும் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை கொடுக்கிறார்கள். தேர் நிற்கிறது. நியூட்ரோஃபிலும் இப்படித்தான். வீக்கம் கண்ட இடத்தை நெருங்கும்போது அது குழாயின் சுவரைத் தொட்டுத் தொட்டு மெல்ல உருளுகிறது. பிறகு தன் மேற்பரப்பிலுள்ள ஒரு வகைப் புரதத்தால் சுவரை இறுகப் பற்றி நிற்கிறது. நின்ற பின்னரே சுவரின் இடுக்கில் நுழைந்து வெளியேறுகிறது. அந்தப் பற்றுப் புரதம் இரண்டு துண்டுகள் சேர்ந்தது. அத்துண்டுகளுள் ஒன்றுக்கு 'சி.டி. 18' என்று பெயர். அதுதான் முட்டுக்கட்டை. வெள்ளணு ஒட்டாமை நோயில் அந்தத் துண்டு இல்லை, அல்லது மிகக் குறைவாக இருக்கிறது. அணு உருளுகிறது, உருண்டு கொண்டே போய்விடுகிறது. சி.டி. 18ஐ உண்டாக்கும் ஜீனில் ஏற்படும் வெவ்வேறு பிழைகளே இதற்குக் காரணம் என்பதை அமெரிக்காவில் டிமதி ஸ்பிரிங்கரும் அவருடன் உழைத்தவர்களும் 1987இல் காட்டினார்கள். அந்த ஜீன் இருபத்தோராம் குரோமோசோமில் இருக்கிறது.

இதன் விளைவு விந்தையானது. இக்குழந்தைகளின் இரத்தத்தை எடுத்து எண்ணினால் வெள்ளணுக்கள் குறைவாக இரா. இயல்பைப் போலப் பன்மடங்கு இருக்கும். ஆனால் புண்ணைத் திறந்து பார்த்தால் அங்கே சீழ் இராது. சீழ் என்பது போரிட்டு மடிந்த வெள்ளணுக்களின் குவியல். வந்து சேராதவை எங்ஙனம் மடிந்து குவியும்? சீழ் இல்லாத புண்ணைக் கண்டு பெற்றோர் 'நல்லவேளை' என்று நிம்மதி கொள்ளக்கூடும். இந்நோயில் அதுவே அபாயக்குறி.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையுள்ள ஜீன் வந்து சேர்ந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். பிழையைச் சுமக்கும் பெற்றோருக்கு யாதொரு குறையும் தெரியாது. அத்தகைய இருவர் மணந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரே குடும்பத்தில் திரும்பத் திரும்பக் கொண்டும் கொடுத்தும் வரும்போது இப்படிப்பட்ட இரு ஜீன்கள் சந்திப்பது எளிதாகிறது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நாம் இதை அறிந்திருப்பது நல்லது. உறவில் மணந்தவர்களைக் குற்றவாளிகள் ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. முதற் குழந்தையை இழந்த குடும்பம் அடுத்த குழந்தையை முன்கூட்டியே கவனிக்க இது உதவும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சி.டி. 18 இயல்பான அளவில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லாத குழந்தைகளின் நிலை மிகக் கடினம். பிறர் மஜ்ஜையை மாற்றிப் பொருத்தாவிடில் அவர்களுள் பெரும்பாலோர் இரண்டு வயதுக்குள் தொற்றால் இறந்துவிடுகின்றனர். இரண்டு முதல் முப்பது பங்கு வரை உள்ளவர்கள் பலர் பிழைத்து வளருகிறார்கள். வளருகிறவர்களைத்தான் ஈறு வாட்டுகிறது.

ஆறாம் மாதத்தில் முதற் பால்பல் முளைக்கிறது. எந்த வீட்டிலும் மகிழ்ச்சிக்குரிய நாள். இக்குழந்தைக்கோ, பல் ஈற்றைப் பிளந்து வெளிவந்தவுடன் அதைச் சுற்றியுள்ள ஈறு கருஞ்சிவப்பாகிப் புடைக்கிறது. தொட்டால் இரத்தம் கசிகிறது. ஈற்றின் கீழே பல்லைத் தாங்கி நிற்கும் தாடையெலும்பு கரையத் தொடங்குகிறது. எக்ஸ்ரே படத்தில், வேரைச் சுற்றி எலும்பே இல்லாமல் பற்கள் சதையில் மிதப்பது போலத் தோன்றும். பால்பற்கள் காலத்திற்கு முன்பே ஆடி விழுகின்றன. நிலைப்பற்கள் முளைத்ததும் கதை மீண்டும் தொடங்குகிறது. பதின்பருவம் முடியுமுன் வாய் வெறுமையாகிவிடுவதும் உண்டு. உயிருக்கு உலை வைக்கும் தொற்றுக்களிலிருந்து ஒவ்வொரு முறையும் மீட்ட மருத்துவர்கள் இந்த வாயை மட்டும் காப்பாற்ற இயலாமல் நின்றார்கள்.

குழந்தைகளின் ஈற்றை அழிக்கும் பரம்பரை நோய் இது ஒன்று மட்டுமன்று. பாப்பியோன், லெஃபெவ்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர் இருவர் 1924இல் விவரித்த நோயிலும் பற்கள் இவ்வாறே உதிரும். அதில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடிக்கும். அதன் ஜீன் 1999இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது வேறு பிழை, வேறு வழி. அதை இங்கே விரிக்கவில்லை.

வெள்ளணு ஒட்டாமையில் ஈறு ஏன் அழிகிறது என்று கேட்டால், நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட விடை எளிமையானது. வாயில் எண்ணற்ற கிருமிகள் உள்ளன. பல்லின் மேல் அவை படலமாகப் படிந்து வாழ்கின்றன. பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையிலுள்ள சந்தில் நியூட்ரோஃபில்கள் இரவும் பகலும் காவல் நிற்கின்றன. காவலன் வராத வீட்டில் திருடன் புகுந்து கொள்ளையடிப்பது இயல்புதானே! இந்த விடையை ஏற்றுக்கொண்டால் சிகிச்சையும் தானே அமைந்துவிடுகிறது. கிருமியை ஒழிக்க வேண்டும். ஆகவே பல்லைச் சுரண்டிக் காரையை எடுத்தார்கள். குளோர்ஹெக்ஸிடின் கொண்டு வாய் கொப்பளிக்கச் செய்தார்கள். ஆன்டிபயாட்டிக் மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்தார்கள். இவற்றை எத்துணைக் கண்ணுங்கருத்துமாகச் செய்தாலும், எலும்பு கரைவது பெரும்பாலும் நிற்கவில்லை. கடைசியில் பல்லைப் பிடுங்கினார்கள். பல் போனதும் வீக்கம் அடங்கியது. நோயைத் தீர்க்க நோயுற்ற உறுப்பையே எடுத்துவிடும் சிகிச்சை அது. சிறு பிள்ளைக்கு அதைச் செய்யும் மருத்துவரின் மனம் எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எளிய விடையில் ஓட்டை இருந்தது. நாட்பட்ட கிரானுலோமா நோய் என்று மற்றொரு பரம்பரைக் கோளாறு உண்டு. அதில் நியூட்ரோஃபில்கள் உரிய இடத்திற்கு ஒழுங்காகச் சென்று சேருகின்றன. ஆனால் சேர்ந்த பின் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் அவற்றுக்கு மிகக் குறைவு. காவலன் வருகிறான், கையில் ஆயுதம் இல்லை. முந்திய விளக்கம் சரியாயின், இந்நோயாளிகளின் ஈறுகளும் அழிந்திருக்க வேண்டும். ஆனால் இத்தகைய கொடிய ஈறுநோய் அவர்களிடம் காணப்படவில்லை. கிருமியைக் கொல்லாத வெள்ளணுகூட வந்து சேர்ந்தால் ஈறு பிழைத்துக்கொள்கிறது! அப்படியானால் வந்து சேருவதிலேயே ஏதோ ஒரு பயன் இருக்க வேண்டும்.

அந்தப் பயன் யாதென்பதற்கு ஒரு குறிப்பு, ஈற்றோடு தொடர்பில்லாத ஆராய்ச்சியிலிருந்து கிடைத்தது. அமெரிக்காவில் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் லேயும் அவர் குழுவினரும் எலிகளை வைத்து ஒரு கேள்வியை ஆராய்ந்தார்கள்: இத்தனை நியூட்ரோஃபில்களை உண்டாக்கினால் போதும் என்று மஜ்ஜைக்கு எப்படித் தெரிகிறது? 2005இல் அவர்கள் வெளியிட்ட விடை இது. திசுவுக்குள் சென்ற நியூட்ரோஃபில் சில நாட்களுக்குள் மடிகிறது. அங்கே துப்புரவு செய்யும் பெரிய அணுக்கள் அதன் உடலை விழுங்குகின்றன. விழுங்கிய உடனே அவை 'இன்டர்லூக்கின் 23' என்னும் தூதுப் பொருளைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. இருபத்து மூன்று குறைந்தால் 'இன்டர்லூக்கின் 17' என்னும் அடுத்த தூதும் குறைகிறது. பதினேழு குறைந்தால் மஜ்ஜையைத் தூண்டும் பொருளும் குறைகிறது. வெளியூர் சென்ற மகன் 'வந்து சேர்ந்தேன்' என்று ஒரு கார்டு போட்டால் வீட்டிலுள்ளவர்கள் அமைதியாகிறார்கள் அல்லவா? நியூட்ரோஃபிலின் கார்டு அதன் பிணமே. கார்டு வராவிட்டால் தூது மேல் தூது போய்க்கொண்டிருக்கும். மஜ்ஜை மேலும் மேலும் அணுக்களை அனுப்பும். இரத்தத்தில் அணுக்கள் பெருகும். இந்நோயுள்ள குழந்தைகளின் இரத்தத்தில் நாம் கண்டது இதுவேயன்றோ?

இனி ஈற்றுக்கு வருவோம். அத்தூதுகளுள் இன்டர்லூக்கின் 17 சாதாரணப் பொருளன்று. அளவோடு இருந்தால் அது உடலைக் காக்கும். மிகுந்தால் வீக்கத்தைப் பெருக்கி, எலும்பைக் கரைக்கும் அணுக்களைத் தட்டி எழுப்பிவிடும். அமெரிக்காவின் பெதஸ்டா நகரிலுள்ள தேசிய உடல்நல நிலையங்களில் நிக்கி முட்சோபூலோஸ் என்ற அம்மையார் தம் குழுவினருடனும், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஹாஜிஷெங்காலிஸுடனும் சேர்ந்து, வெள்ளணு ஒட்டாமை நோயாளிகளின் ஈற்றுத் திசுவை எடுத்து ஆராய்ந்தார். 2014இல் அதன் முடிவு வெளியாயிற்று. அத்திசுவில் நியூட்ரோஃபில்கள் இல்லை, அது எதிர்பார்த்ததே. கிருமிகள் திசுவுக்குள் படையெடுத்துப் புகுந்திருக்கவும் இல்லை. அவை பெரும்பாலும் பல்லின் மேற்படலத்திலேயே தங்கியிருந்தன. அவற்றின் கழிவுப் பொருள்கள் மட்டுமே உள்ளே கசிந்திருந்தன. மாறாக, இன்டர்லூக்கின் 23ம் 17ம் அங்கே மிகுந்திருந்தன. திருடன் வாசலில்தான் நின்றான். வீட்டை இடித்தது வீட்டாரின் கூக்குரலே.

பிறகு அதே குறைபாடுள்ள எலிகளிடம் சோதித்தார்கள். இந்த இரு தூதுகளுள் ஒன்றைத் தடுக்கும் எதிர்ப்பொருளை எலியின் ஈற்றிலேயே செலுத்தினார்கள். எலும்பு கரைவது தடைப்பட்டது. அதனினும் வியப்பு என்னவெனில், கிருமிகளின் தொகையும் குறைந்தது! கிருமிக்கொல்லி எதுவும் கொடுக்கவில்லை. வீக்கத்தை அடக்கியதும் கிருமிகளே குறைந்தன. சிதைந்த திசுவும் கசிந்த இரத்தமும் கிருமிகளுக்கு உணவு. வீக்கம் விருந்து வைக்கிறது. விருந்து நின்றதும் கூட்டம் கலைகிறது. கிருமி மிகுதியால் வீக்கம் என்று மட்டும் எண்ணியிருந்தவர்கள், வீக்கத்தால் கிருமி மிகுவதையும் கண்டார்கள்.

எலியில் கண்டதை மனிதரிடம் செய்து பார்ப்பது பெரிய அடி. தொற்றுக்கு எளிதில் இலக்காகும் நோயாளிக்கு, அவருடைய எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதியை அடக்கும் மருந்தைக் கொடுப்பதா? மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் அது பொருந்தாத செயல். ஆனால் அடக்கப்படுவது நோயாளியைக் காக்கும் பகுதியா, வருத்தும் பகுதியா என்பதன்றோ கேள்வி? உஸ்டெகினுமாப் என்னும் மருந்து 2009 முதல் அமெரிக்காவில் சொரியாசிஸ் என்ற செதில்படை நோய்க்கு வழங்கி வந்தது. அது இன்டர்லூக்கின் 12, 23 ஆகிய இரண்டிலும் பொதுவாக உள்ள ஒரு பகுதியைப் பற்றித் தடுப்பது. பெதஸ்டாவில் பத்தொன்பது வயதான ஒரு நோயாளிக்கு இம்மருந்தை ஊசி மூலம் கொடுத்தார்கள். அவருக்கு எதற்கும் அடங்காத ஈறுநோய் இருந்தது. முதுகின் அடிப்புறத்தில் ஆறாத பெரும்புண்ணும் இருந்தது. சில வாரங்களில் ஈற்றின் வீக்கம் தணியத் தொடங்கியது. ஓராண்டுச் சிகிச்சையில் முதுகுப் புண்ணும் ஆறியது. அஞ்சிய கடுந்தொற்று எதுவும் ஏற்படவில்லை. 2017இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிஸின்' இதழில் இச்செய்தி வெளியாயிற்று.

ஒருவரிடம் கண்ட பயன் அனைவருக்கும் உறுதி ஆகாது. பத்து இலட்சத்தில் ஒருவருக்கு வரும் நோயில் நூற்றுக்கணக்கானவர்களைத் திரட்டிச் சோதிப்பதும் இயலாத காரியம். ஆயினும் இந்த ஒருவரின் கதைக்குப் பின்னால் நோயாளிகளின் திசுவும், எலிகளும், கிரானுலோமா நோயாளிகளின் உறுதியான பற்களும் சாட்சியாக நிற்கின்றன. ஆகையால் இதை வெறும் தற்செயல் என்று நான் தள்ளமாட்டேன். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் உண்டு. இன்டர்லூக்கின் 12ஐயும் இம்மருந்து தடுக்கிறது. காசநோய்க் கிருமியை எதிர்ப்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது. எனவே மருந்தைத் தொடங்குமுன் உடலில் காசநோய் மறைந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நம் நாட்டில் இதை ஒருகாலும் தள்ளிவிட முடியாது. இரண்டாவது, கரைந்த எலும்பை மருந்து மீட்டுத் தருவதில்லை. எஞ்சியிருப்பதைக் காப்பதே அதன் வேலை. பத்தொன்பதாம் வயதில் எஞ்சியிருப்பது கொஞ்சம். ஐந்தாம் வயதில் நிறைய.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் கேட்டுவிட்டு, பல் துலக்குவதாலும் காரை எடுப்பதாலும் பயனில்லை என்று எவரும் கொள்ளலாகாது. உள்ளே கசிந்து தூதுகளைக் கிளப்பிவிடும் கழிவுப் பொருள்கள் பற்படலத்திலிருந்தே வருகின்றன. பல்லைப் பிடுங்கியதும் வீக்கம் அடங்கியதன் காரணமும் அதுவே. படலம் குறைந்தால் தூண்டுதலும் குறையும். ஆகவே மெல்லிய தூரிகையால் துலக்குவதும், குறித்த இடைவெளியில் பல் மருத்துவரிடம் காட்டுவதும் தொடர வேண்டியவையே. இந்நோயில் அவை மட்டும் போதாதவை, அவ்வளவுதான்.

நோயின் வேரையே களைய வேண்டுமாயின், முட்டுக்கட்டையுள்ள வெள்ளணுக்களை உடல் தானே உண்டாக்கச் செய்ய வேண்டும். பொருத்தமான ஒருவரின் மஜ்ஜையைப் பெற்றுப் பொருத்துவது அதற்கு நெடுநாளாக உள்ள வழி. கடும் நோயுள்ள குழந்தைக்கு அதுவே உயிர் காக்கும் சிகிச்சை. பொருத்தமானவர் கிடைப்பதும், கிடைத்தபின் பொருத்திய மஜ்ஜை உடலோடு இணங்குவதும் எளிதல்ல. மற்றொரு வழி, குழந்தையின் சொந்த மஜ்ஜை அணுக்களை வெளியே எடுத்து, தீங்கு நீக்கப்பட்ட வைரஸ் ஒன்றின் வாயிலாகச் சரியான ஜீனை அவற்றுள் ஏற்றி, மீண்டும் உடலில் செலுத்துவது. லண்டன், லாஸ் ஏஞ்சல்ஸ், மாட்ரிட் ஆகிய நகரங்களின் மருத்துவமனைகளில் கடும் நோயுற்ற ஒன்பது குழந்தைகளுக்கு இவ்வாறு செய்தார்கள். 2025இல் வெளியான அறிக்கையின்படி ஒன்பது பேரும் உயிருடன் இருந்தார்கள். அவர்களுடைய வெள்ளணுக்களில் சி.டி. 18 தோன்றியிருந்தது.

ஆனால் எந்த வழியில் செல்வதற்கும் முதலில் நோய் இன்னதென்று தெரிய வேண்டும். ஓரிரு வயதுக் குழந்தையின் ஈறு சிவந்து, புடைத்து, பல் ஆடினால், முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் பல் மருத்துவராகவே இருப்பார். வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை என்று தாயைக் கடிந்து அனுப்பிவிடாமல் அவர் மூன்று கேள்விகள் கேட்கலாம். தொப்புள்கொடி என்று விழுந்தது? இதற்கு முன் வந்த புண்களில் சீழ் வைத்ததா? குடும்பத்தில் கைக்குழந்தை எதுவும் தொற்றால் இறந்ததுண்டா? விடைகள் ஐயத்தை எழுப்பினால், இரத்தத்தில் வெள்ளணுக்களை எண்ணச் சொல்லலாம். எண்ணிக்கை காரணமின்றி மிக உயர்ந்திருந்தால், 'ஃப்ளோ சைட்டோமெட்ரி' என்னும் சோதனையால் அவ்வணுக்களின் மேற்பரப்பில் சி.டி. 18 இருக்கிறதா என்று பார்க்கலாம். சிறிதளவு இரத்தம் போதும். இந்தியாவின் பெரிய நகரங்களில் எதிர்ப்புச் சக்திக் குறைபாடுகளை ஆராயும் கூடங்களில் இச்சோதனை செய்யப்படுகிறது. முதற் கேள்விக்கு மட்டும் தாய்க்கு விடை நினைவில் இல்லையென்றால், வீட்டிலிருக்கும் பாட்டியைக் கேட்டு வரச் சொல்லலாம்.